எலுமிச்சையால் தேய்த்த எறிகத்தி

சனிக்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

துபாயின் அல் கூஸில் ஒரு பணக்காரரின் கிடங்கில் அப்பாவுக்கு வேலை. அவர் சேர்த்திருக்கும் ஆப்பிரிக்க எறிகத்திகளைச் சிலைகளைப் போலத் தாங்கியில் நிறுத்த வேண்டும். இன்று நானும் போனேன். கொம்பு கொம்பாய் நான்கு அலகுகள் கிளைத்த ஒரு காங்கோ கத்தி கறுத்துக் கிடந்தது. அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, பிரியாணிப் பொட்டலத்து எலுமிச்சையாலும் கம்பி நாராலும் தேய்த்து வெள்ளியாக்கி வைத்தேன்.

கிடங்கு மேனேஜர் பார்த்ததும் கத்தினார். "அந்தக் கறுப்புக்குத்தான்யா விலையே! இது என்ன உங்க வீட்டுக் குத்துவிளக்கா? யாரு தேய்ச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நான்தான் சார்" என்றார்.

மேனேஜர் அந்தக் கத்தியையே அப்பா மேல் வீசினார். அது காதைக் கிழித்துப் பின்னாலிருந்த மரப்பெட்டியில் குத்தி நின்றது. அவர் இன்னொன்றை எடுத்து ஓங்கினார். அப்பா அதைப் பிடுங்கி ஒரே வெட்டாக வெட்டினார். மேனேஜரின் தோளில் எலும்பு தெரிந்தது.

"ஓடு பாப்பா!"

பர் துபாயில் எங்கள் அறைக்கு வந்தபிறகும் அப்பாவின் காதில் ரத்தம் நிற்கவில்லை. "யார் கேட்டாலும் நீ அங்க வரவே இல்லன்னு சொல்லு" என்கிறார். மேனேஜர் முதலில் வீசியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் வரவில்லை என்றால் அதை யார் சொல்வார்கள்?

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார். அவர் திறப்பதற்குள் நான் முந்திப்போய், நானும் அங்கே இருந்தேன் என்று