பின்சீற்றிலிருந்து பார்த்தவளுக்கு

இன்று காலை பனிச்சப்பாத்தோடு தபால்பெட்டிக்கு முன் நின்றேன். கையில் ஒரு வெள்ளை உறை. மூலையில், நீ தொலைபேசியில் நெடுநேரம் பேசிய அந்தச் சட்ட அலுவலகத்தின் பெயர். கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. கடிதத்தில் உள்ள வண்டிப் பெயர்களின் நீண்ட வரிசை ஒன்றின் நடுவில் எங்கள் பழைய காரும் இருக்கிறது.

உன் இலக்கம் இன்னும் என் தொலைபேசியில் உண்டு. எடுத்தேன். வைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

அன்று நீ பின்சீற்றில் இருந்தாய். அப்பா எனக்குப் பக்கத்தில். பல்கலைக்கழகத்தில் நமக்கு முதல் வருடம். அப்பாவை மாமாவின் கடையில் இறக்கிவிட்டு நாமிருவரும் வகுப்புக்குப் போவதாக ஏற்பாடு. சந்தியில் இடப்பக்கம் திரும்பினேன். பாதையில் ஒரு பள்ளம், ஒரு குலுக்கல். எஞ்சின் நின்றது. சத்தமே இல்லாமல். ஸ்ரியறிங் கல்லாக இறுகியது. எதிரே வந்த பிக்கப் அப்பாவின் பக்கத்துக் கதவில் மோதியது. காற்றுப்பை விரியவில்லை. அப்பாவின் இடுப்பு எலும்பு உடைந்தது.

பொலிஸ் வந்து பார்த்தபோது சாவித்துளையில் திறப்பு, எஞ்சினை நிறுத்தும் நிலையில் இருந்தது. எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. புதுச் சாரதி. பதட்டம். தானே திறப்பைத் திருப்பியிருக்கிறாள்.

எனக்கும் அது போதுமாக இருந்தது. வேறு எப்படித் திறப்பு திரும்பும்?

வைத்தியசாலை அறையை நினைக்கிறேன். கட்டிலில் அப்பா. சுற்றிவர உறவுகள். பழப்பைகள். வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். பார்வை போன அந்த வழியிலேயே தீர்ப்பு இருந்தது.

"கார் வாங்கினோடன சில்லுக்குக் கீழ தேசிக்காய் நசிச்சனியளோ?" ஓர் அன்ரி அம்மாவிடம் கேட்டார்.

"அது பழைய காரெல்லோ. முதல் வைச்சிருந்தவன் நசிச்சிருப்பான்," என்றார் அம்மா.

"அவன் இத்தாலிக்காரன், அன்ரி," என்றாய் நீ. "தேசிக்காயைச் சலாட்டுக்கு ஊத்தியிருப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. நீ அதைப் பொருட்படுத்தவுமில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு மாமாவுக்கு நேரே போய் இருந்தாய்.

"அங்கிள், நான் பின்னால இருந்து பாத்தனான். இவளின்ர ரெண்டு கையும் ஸ்ரியறிங்கிலதான் இருந்தது."

"நீ சிநேகிதி, பிள்ளை. வேற என்னத்தைச் சொல்லப்போறாய்?"

"நான் எதிரியா இருந்தாலும் கை அங்கதான் இருந்திருக்கும்."

மாமா தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். அப்பா கண்களை மூடிக்கொண்டார். நான் அப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. இப்போது அந்த அறையில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிவது உன் முகம்தான்.

பொலிசிடமும் சொன்னாய். காப்புறுதிக்காரரிடமும் சொன்னாய். சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இரண்டு கையும் ஸ்ரியறிங்கில். அவ்வளவுதான்.

அப்பா நடக்கத் தொடங்கினார், ஒரு பக்கம் சாய்ந்து. என்னை ஏசவில்லை. அவர் ஏறும் காரைத் தம்பி ஓட்டினான், அல்லது அம்மா. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாம் தானாக ஒழுங்காகியிருந்தது. நான் எங்கள் மல்வேர்ன் வீட்டிலிருந்து வகுப்புக்குப் பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் ஒரு நாள் உன்னிடம் சொன்னேன்: "நான்தான் திருப்பியிருப்பன்."

"திருப்பினதை நீ பாத்தனியோ?"

"இல்லை. ஆனா..."

"அப்ப என்னத்துக்குப் பாத்த ஆள் மாதிரிக் கதைக்கிறாய்? பாத்தது நான். விசர்க்கதை கதையாமல் இறங்கு, எங்கட ஸ்ரொப் வந்திட்டுது."

படித்த உளவியல் புத்தகங்களில் நினைவைப் பற்றி எவ்வளவோ இருந்தது. நினைவு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் என்பது பற்றி, நடக்காததையும் அது சேர்த்துக்கொள்ளும் என்பது பற்றி. அவற்றையெல்லாம் அடிக்கோடிட்டு வாசித்தவள்தான் நான். ஆனால் என் கை திறப்பைத் திருப்பும் காட்சியை என் தலைக்குள் முழுதாகச் செய்து வைத்திருந்தேன். வளையல் அசைவது உட்பட. அன்று நான் வளையல் போட்டிருக்கவில்லை என்று நீ சொல்லித்தான் தெரியும்.

பிறகு ஒரு மத்தியானம் நூலகத்தில் உன் தொலைபேசியை என் புத்தகத்தின்மேல் வைத்தாய்.

"எடியே, இஞ்ச பார். உன்னை மாதிரி ஆக்கள் நாடு முழுக்க இருக்கினம்."

திறப்பு போடும் சுவிச்சுக்குள் ஒரு சிறிய சுருள்வில். எஞ்சின் ஓடும்போது திறப்பைத் தன் இடத்தில் பிடித்துவைப்பது அதன் வேலை. அதைப் பலவீனமாகச் செய்திருந்தார்கள். திறப்பில் கொஞ்சம் பாரம் தொங்கினால், பாதையில் ஒரு குலுக்கல் வந்தால், திறப்பு தானாகத் திரும்பும். எஞ்சின் நிற்கும். காற்றுப்பையும் வேலை செய்யாது. அடிபட்டவர்கள் எல்லோருக்குமாக ஒரு சிலர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் அதற்குள் அடக்கம். நாங்கள் அறியாமலே நாங்களும் உள்ளே இருந்தோம்.

அப்பா வேண்டாம் என்றார். "அகதி வழக்குக்கு அலைஞ்ச அலைச்சல் இந்தச் சென்மத்துக்குக் காணும் பிள்ளை." அவரிடம் வேறு காரணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் என்னை நம்பவில்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நீ விடவில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து, அந்தச் சட்ட அலுவலகம் கேட்டிருந்த கேள்விகளைத் தமிழில் அப்பாவுக்கு வாசித்தாய். வாங்கிய இடம். ஓட்டியவர். பிறகு: "திறப்போட வேற என்னென்ன கோத்திருந்தது, அங்கிள்?"

அப்பாவின் உள்ளங்கை மேசையில் கிடந்த திறப்புக் கோர்வையை மூடியது.

நான் அதைக் கண்டேன், விளங்கவில்லை. உனக்கு விளங்கிவிட்டது.

அந்தக் கோர்வையை நீ அறிவாய். வீட்டுத் திறப்பு. தபால்பெட்டித் திறப்பு. மாமா பிந்தினால் கடையைத் திறக்க ஒன்று. அன்னதானச் சாமான் வைத்திருக்கும் கோயில் களஞ்சிய அறைக்கு ஒன்று, பூட்டு மாற்றிய பிறகும் கழற்றாத பழையது ஒன்று. ஒரு பித்தளை வேல். நம் ஆட்களிடம் கோர்வை பாரமாக இருப்பது ஒரு மரியாதை. நாலு பேர் நம்பித் திறப்புக் கொடுத்த மனிதர் என்று அர்த்தம். அப்பா நடந்து வருவது அந்தச் சத்தத்தில்தான் தெரியும். கார் ஓடும்போது, யார் ஓட்டினாலும், அத்தனையும் சுவிச்சில் தொங்கி ஆடும்.

கோர்வைகள் பாரம் என்றுதான் கார்க் கம்பனியும் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அப்பா தமிழ் வானொலியில் கேட்டிருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. நான் திருப்பவில்லை என்றால் திருப்பியது அவருடைய கோர்வை. என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்க அவர் தன்னைக் குற்றவாளியாக்க வேண்டும். அவ்வளவு காலமும் அவர் மௌனமாக இருந்தது அதனால்.

நீ கேள்விகள் இருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாய்.

"அங்கிள், உது உங்கட பிழையில்லை. கார் செய்யிறவனுக்குத் தெரியாதே, சனம் திறப்பைக் கோர்வையிலதான் வைச்சிருக்கும் எண்டு? கோர்வையைத் தாங்காத சுவிச்செண்டா அது சுவிச்சின்ர பிழை."

அப்பாவின் விரல்கள் கோர்வைக்குள் எதையோ தேடின. பிறகு மிக மெதுவாக: "வேலும் கிடந்ததெல்லோ பிள்ளை. காவலுக்கெண்டு போட்டனான்."

"முருகனுக்கென்ன மெக்கானிக் வேலையே, அங்கிள்?"

அப்பா சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு அப்பா கையை எடுத்தார். நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வழக்கு இழுபட்டது. அதற்குள் உனக்கு வருத்தம் வந்தது, மருந்துக்கு மாறாத வருத்தம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். வைத்தியசாலையில் ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்துகொண்டு, "வழக்கு என்ன மாதிரி?" என்று கேட்டாய். இழுபடுகிறது என்றேன். "இழுபடட்டும். நான் சொன்னதை எழுதி வைச்சிருக்கிறாங்கள்தானே," என்றாய். பிறகு என்னிடம் ஐஸ் துண்டு கேட்டாய்.

இன்று கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பனி இழப்பீடு தருகிறது. பழுதை ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் என்றால் அப்படித்தானாம்.

"அப்ப பிழை ஆரிலையாம்?"

"அதைச் சொல்லேல்லை அப்பா. காசு தருகினம். பிழையைச் சொல்லமாட்டினமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளை அண்டைக்கே சொல்லிப்போட்டா," என்றார். "பிறகென்ன."

நகரின் மறுகோடி ரெக்ஸ்டேலில் இருக்கலாம், வேறு மாகாணத்தில் இருக்கலாம், என் வயதில் ஒருத்தி இதே கடிதத்தை இன்று பிரித்திருப்பாள். இவ்வளவு காலமும் திறப்பைத் திருப்பியது தன் கைதான் என்று நம்பியிருப்பாள். கடிதமும் அவளுக்கு நேராக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே வழக்கு, ஒரே சுவிச். அவளுக்குப் பின்சீற்றில் யாரும் இருந்தார்களோ தெரியாது. எனக்கு நீ இருந்தாய்.

நான் இப்போது ஓர் உயர்பள்ளியில் ஆலோசனை ஆசிரியையாக வேலை செய்கிறேன். பிள்ளைகளை என் அறைக்கு அனுப்புவார்கள். கதவடியிலேயே "நான் செய்யேல்லை மிஸ்" என்று தொடங்குவார்கள். நான் உடனே நம்புவதுமில்லை, சந்தேகிப்பதுமில்லை. யார் பார்த்தது என்று கேட்கிறேன். பார்த்தவரைத் தேடிப் போகிறேன். மற்ற ஆசிரியர்களுக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. திருப்பித் தர நீ இல்லை. வைத்துக்கொள்கிறேன்.

இன்று பக்கத்து நகரான மார்க்கத்தில் ஒரு கலியாணவீடு. அம்மாவும் தம்பியும் காலையிலேயே போய்விட்டார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என் காரின் முன்கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் ஏறினார். அந்தச் சந்திக்குப் பிறகு முதல் தடவை. மெல்லப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பனி தூறியது. கொஞ்சத் தூரம்வரை சாம்பாரைக் குறை சொன்னார். மாப்பிள்ளையின் தாடியைக் குறை சொன்னார். பிறகு பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டிய சந்திகளில் எல்லாம் திரும்பினேன். அவர் விழிக்கவில்லை.

வீட்டு வாசல் வந்தது. நிறுத்த மனம் வரவில்லை. தெருவை இன்னொரு முறை சுற்றினேன். ஓட்டிக்கொண்டே உனக்கு நன்றி சொன்னேன். சத்தமாக அல்ல, அப்பா எழும்பிவிடுவார்.