சம்பந்தியம்மா மூடாத இலை

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணு கவிநிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று மணக்குள விநாயகரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது இது என்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அம்மா கூப்பிட்டால் அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் பேசுகிறாய், ஏழு மாத வயிற்றோடு இருக்கிற பெண்ணை வற்புறுத்திப் பேச வைக்க எனக்கும் மனசு வரவில்லை. பிரசவத்துக்கு அம்மா வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று நீ சொன்னதை அம்மா என்னிடம் வந்து சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதற்கெல்லாம் நான்தான் காரணம். பொங்கலுக்கு உன் மாமனாரும் மாமியாரும் இங்கே வந்தபோது நடந்ததை மாமனார் சொல்லி உனக்குப் பாதி தெரிந்திருக்கும், மீதியை மறைக்காமல் நானே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் பீச்சில் உட்கார்ந்து நாங்கள் என்ன பேசுவோம் என்று உனக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊரைப் பற்றி எவ்வளவு தப்பாக நினைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார்கள் என்பதுதான் எங்கள் செட்டுக்குப் பொழுதுபோக்கு. பாட்டில் தண்ணீரில் பல் தேய்க்கிறார்கள், நாம் சரி என்று தலையை ஆட்டினால் இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள், வாழைப்பழக் கடையில்கூடப் பேரம் பேசாவிட்டால் கடைக்காரர் மதிக்க மாட்டார் என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் நடித்துக் காட்டினால் விஜயராகவன் சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அப்படிப்பட்ட நான் போன வருஷம் அம்மாவை விட்டுவிட்டுத் தனியாக உன்னிடம் வந்தேனே, என்ன லட்சணத்தில் வந்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. பிரான்ஸ் எனக்கு வெளிநாடே இல்லை என்றுதான் விமானம் ஏறினேன். பிறந்ததிலிருந்து பிரெஞ்சுப் பெயர் வைத்த தெருவில் நடக்கிறேன், சிவப்புத் தொப்பி போலீசைப் பார்க்கிறேன், ஜூலை பதினாலு பிரெஞ்சுத் தேசிய தினத்துக்குப் பட்டாளத்துக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு போவதைப் பார்க்கிறேன், இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் இங்கே போலீஸ் தலையில் சிவப்புத் தொப்பியைக் காணோமே என்று நான் கேட்க, மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு காரை ஓட்டியது ஞாபகம் இருக்கிறதா. சம்பந்தியம்மா வாசலிலேயே உன் மூலமாக, எங்கள் பழக்கமெல்லாம் உங்களுக்குப் புதுசாக இருக்குமே, எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் பாண்டிச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பழக்கம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன். நீ தயங்கினாய். அதட்டி உன்னைச் சொல்ல வைத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் உனக்கே தெரியும். கோழியும் உருளைக்கிழங்கும் வைத்த பாத்திரத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள், நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், பாத்திரம் உள்ளே போய்விட்டது. நம் வீட்டில் கேட்டதும் சரி என்று சொல்கிற விருந்தாளி யார் இருக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்போம், அட சாப்பிடுங்க என்பார்கள், ஐயோ போதும் என்போம், அதற்குள் இலையில் விழுந்திருக்கும். அங்கே விழவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்றேன். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா, இங்க ஒரு தரந்தான் கேப்பாங்க, வேணும்னா வேணும்னு சொல்லிடுங்க” என்றாய். சம்பந்தி வீட்டில் கை நீட்டி வாங்கித் தின்னச் சொல்கிறாயா, நீயும் அவர்களை மாதிரியே ஆகிவிட்டாய் என்று உன் மேலேயே எரிந்து விழுந்தேன். ஊருக்குத் திரும்பியதும் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். பீச்சில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், சலூனில் சொன்னேன். முதலில் பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள் என்றுதான் சொன்னேன், கேட்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க அது வளர்ந்து, கடைசியில் சம்பந்தியம்மா பிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தார்கள் என்ற அளவுக்கு வந்து நின்றது. பிரிட்ஜ் பூட்டியது முழுப் பொய், கண்ணு. அவர்கள் வீட்டு பிரிட்ஜுக்குப் பூட்டே கிடையாது.

அவர்கள் பொங்கலுக்கு வந்தார்கள். நான் ஒரு பை நிறைய நீள ரொட்டியும் வெண்ணெயும் சீஸும் வாங்கி வைத்திருந்தேன், அவர்கள் இட்லி இருக்கிறதா என்று கேட்டார்கள், அங்கேயே என் பாண்டித்தியம் வெளுத்துவிட்டது. உன் மாமனார் கொசுவலையும் டார்ச்சும் பாம்புக்கடிக்கு ஏதோ மருந்தும் கொண்டுவந்திருந்தார், அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். காணும் பொங்கல் அன்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுத் தலைவாழை இலை போட்டோம். சம்பந்தியம்மா சப்பணம் போட முடியாமல் எப்படியோ உட்கார்ந்து கையாலேயே சாப்பிட்டார்கள். அவர்கள் படித்துவிட்டு வந்த புத்தகத்தில், தமிழர் வீட்டில் போட்டதை வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரர் மனம் புண்படும், இலையில் மிச்சம் வைத்தால் அவமானம் என்று எழுதியிருந்ததாம். அதனால் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார்கள். இலை காலியானதும் சின்னப்பாப்பா அத்தை மறுபடி வைத்தாள், அதையும் சாப்பிட்டார்கள். போதும் என்றால் இலையை மடித்து மூட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, மூடாத இலையைப் பார்த்தால் நம் பெண்களுக்குக் கை நிற்காது. சாம்பார் சோறு, வத்தக்குழம்புச் சோறு, ரசம், வடை மேல் வடை, பாயசம், எல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. முகமெல்லாம் வேர்த்து, சிரித்துக்கொண்டே விழுங்கினார்கள். நான் பக்கத்து இலைக்காரரிடம், “பாத்தியா, நம்ம ஊருக்கு வந்துதான் வயிறார சாப்புடுறாங்க” என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் இராமதாஸ் பெரியப்பா வாயைத் திறந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சு பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். தமாஷ் என்று நினைத்து என் கதையை முழுதாக அவர்களிடம் சொல்லிவிட்டார், இடுப்பில் சாவி செருகுவது மாதிரி கையால் செய்தும் காட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. உன் மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சம்பந்தியம்மாவின் கை இலை மேல் அப்படியே நின்றது. குனிந்து, மிச்சம் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் சம்பந்தியம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆகி ஒரு கிளினிக்கில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எதிர்வீட்டு துர்கா பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர் இல்லையா, அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், அவளும் கேட்டாள். சம்பந்தியம்மா கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர்கள் மெதுவாகப் பேசினார்கள், துர்கா அதைத் தமிழில் சொன்னாள். “உங்க பொண்ணு வந்த புதுசுல எது கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லுவா. என் சமையல் பிடிக்கலன்னு நெனைச்சி விட்டுட்டேன். ஆளு எளைச்சிக்கிட்டே போனா. ஒரு நாள் அடுப்படில நின்னுக்கிட்டு, கோழிங்களுக்குப் போட எடுத்து வெச்ச காஞ்ச ரொட்டிய தின்னுக்கிட்டு இருந்தா. அன்னிக்கி ரெண்டு பேரும் அழுதோம். அதுலேர்ந்து அவள ரெண்டு மூணு தரம் கேப்பேன். உங்களையும் அப்படித்தான் கேட்டிருப்பேன், நீங்க எங்க பழக்கம் எல்லாம் தெரியும்னு சொன்னீங்க, திரும்பக் கேட்டா உங்களுக்குக் கொறைச்சலா இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்.” துர்கா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்லி முடித்தாள். நான் கட்டிவிட்ட கதை கவிநிலாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டார்கள். உன் மாமனாருக்குப் பொறுக்கவில்லை, மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார், அதில் தப்பில்லை.

கவிநிலா, நீ கல்யாணமாகி அங்கே போன முதல் வருஷத்தில் அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. குளிர் தேசத்துக் காற்று, பெண் அழகாக இளைத்திருக்கிறாள் என்று அதை நான் ஊரெல்லாம் காட்டினேன். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ. நான் உன்னிடம் அங்கே பனி விழுகிறதா என்றுதான் கேட்டேன். நீ பட்டினி கிடந்து கற்றுக்கொண்டதை எனக்குச் சொல்லித்தர வந்தாய், அதற்கு நான் உனக்குச் சொன்ன பதில் மேலே எழுதியிருக்கிறது, அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. பீச்சில் போய் பிரிட்ஜ் கதை பொய் என்று சொல்லிவிட்டேன். விஜயராகவன் சார் அதற்கும் சிரித்தார், சிரிக்கட்டும்.

ஊரில் வேறு விசேஷம் இல்லை. வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. அம்மா உனக்கு வளைகாப்புக்கு என்று நேரு வீதியில் வளையல் வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறாள், நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதை எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், சம்பந்தியம்மாவுக்கு வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மாவிடமாவது சொல். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் இருக்க வேண்டும். அம்மா வர வேண்டாம் என்று நீ சொன்னதும் சரி அவள் இஷ்டம் என்று நான் விட்டுவிட்டேன், அங்கே யாரும் உன்னைத் திரும்பக் கேட்காமல் விட்ட மாதிரியே. இப்போது திரும்பக் கேட்கிறேன். அம்மா வரட்டுமா, கண்ணு? வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியமூர்த்தி