அப்பாவின் அம்பாசிடரில் நான் ஊற்றிய எண்ணெய்

வண்டியைத் துடைக்காமல் ஒரு நாளும் தெருவில் இறக்காத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் இருபது நாளும் ஆகிறது. தாமதமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது இதை எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை. சேலம் சூரமங்கலம் வீட்டில் நீங்கள் பேப்பர் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். அன்றைக்கு நான் பேசியதும் மற்றவர்கள் முன்னால்தானே?

உங்களுக்கு மறந்திருக்காது. யாழினி பிறந்து நாலாம் நாள், சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் அம்பாசிடர் நின்றது. விடியும்போதே கழுவியிருப்பீர்கள், சக்கரத்து மூடியில் இன்னும் ஈரம் இருந்தது. பின் சீட்டில் புதுப் போர்வை விரித்து, அதன் ஓரத்தைச் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தீர்கள். அம்மா, என் மாமியார், பை தூக்கி வந்த நர்ஸ் எல்லோரும் நின்றிருக்க, "ஏறு அம்மிணி" என்று கதவைத் திறந்து பிடித்தீர்கள்.

"இந்த டப்பாவுல என் பிள்ளைய ஏத்த மாட்டேன்ப்பா. பெல்ட்டு கிடையாது. பிரேக் பிடிக்குமான்னே தெரியல. நான் டாக்சி சொல்லிட்டேன்."

கதவை நீங்கள் சத்தம் வராமல் சாத்தினீர்கள். அம்பாசிடர் கதவை அப்படிச் சாத்துவது லேசில்லை. "சரி அம்மிணி. டாக்சிலயே வாங்க. நான் பின்னால வாரேன்" என்றீர்கள். டாக்சியில் ஏறியபின் நான் திரும்பிப் பார்த்தேன். போர்வை விரித்த காலி சீட்டோடு நீங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள். நடுவில் ஒரு டவுன் பஸ் புகுந்துகொண்டது. அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

சாக்குச் சொல்லவில்லை அப்பா. ஆனால் அந்த நாட்களில் எனக்கு எல்லாமே பயம். பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். மின்விசிறி கழன்று விழும் என்று தொட்டிலை மூன்று தடவை இடம் மாற்றினேன். பயந்தவளுக்கு வாய் நீளம் என்பார்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

அதன் பிறகு நீங்கள் அந்த வண்டியின் பேச்சையே எடுக்கவில்லை. நான் நாமக்கல்லில் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய பின் பேத்தியைப் பார்க்க பஸ்ஸில் வருவீர்கள். "ஏம்ப்பா, வண்டி எடுத்துட்டு வரலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "பஸ்ஸுல வந்தா தூங்கிட்டே வரலாம் அம்மிணி" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த சில மாதங்களில் உங்கள் இதயம் நின்றுபோனது. சேதி கேட்டுக் கிளம்பி நான் ராசிபுரம் தாண்டும் முன்பே, இனி அவசரப்பட வேண்டாம் என்று போன் வந்துவிட்டது.

வண்டி முன்புறத்து ஷெட்டில் உறை மாட்டியபடி இருந்தது. "பழைய இரும்புக்குப் போட்டரலாம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆக மாட்டேங்குது" என்றார் அம்மா. நான் வேண்டாமென்று நாமக்கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் முதல் வருஷத் திதிக்கு அம்மாவையும் யாழினியையும் உங்கள் வண்டியில் ஏற்றி, நானே மோகனூர் ஆற்றங்கரைக்கு ஓட்டி வருவது என்று முடிவு செய்தேன். என் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்ற வண்டியில் என் பிள்ளையோடு வந்து இறங்கிவிட்டால், அந்தச் சொல் அழிந்துபோகும் என்று நினைத்தேன். அசட்டு நினைப்புதான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை பிரபு அப்போது ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தார். "எஞ்சினத் தொறக்கத் தெரியுமா உனக்கு?" என்று போனில் கேட்டார். "பானெட்டத் தொறக்கவே இன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்" என்றேன். அது நிஜம். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தேடவே அரை மணி நேரம் ஆனது.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். டேங்கில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, மறுபடி மாட்டும்போது ஒரு ஸ்பிரிங் மிச்சமாகி, மறுபடியும் கழற்றினேன். இரவில் மின்மினி மாதிரி எரிந்த முகப்பு விளக்கை மாற்றினேன். எங்கள் ரிக் பட்டறை வெல்டர் முருகேசண்ணன், பின் சீட்டுக்கு அடியில் இரும்புத் தகடு பற்றவைத்து பெல்ட் மாட்ட வழி செய்து கொடுத்தார். "இந்தத் தகடு பிச்சுக்கிட்டு வரணும்னா யானை கட்டி இழுக்கணுமுங்க" என்றார். அதன் மேல் யாழினியின் சீட்டை இறுக்கிக் கட்டி, நானும் ஒரு காலை ஊன்றி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அடுத்தது பிரேக். ஆயில் டப்பாவைத் திறந்தேன், பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இங்கேதான் அப்பா நான் தப்புச் செய்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ரிக் மெஷினுக்கு ஊற்றும் ஹைட்ராலிக் ஆயில் பேரல் எப்போதும் நிற்கும். இந்த வீட்டில் எதற்கும் அதுதான். கதவுக் கீல் கத்தினால் அது, அரிவாள் துருப்பிடித்தால் அது, ஜாக்கி கசிந்தால் அது. உங்கள் வண்டியைத் தூக்கி நிறுத்திய ஜாக்கியிலும் அந்த எண்ணெய்தான் இருந்தது. இவ்வளவு எடையைத் தூக்குகிற எண்ணெய் நாலு சக்கரத்தைப் பிடிக்காதா என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. ஒரு சொம்பில் பிடித்து வந்து விளிம்பு வரை ஊற்றினேன். பெடலை மிதித்தேன், கல் மாதிரி நின்றது. தெருவைச் சுற்றி நாலு ரவுண்டு வந்தேன். சொன்ன இடத்தில் நின்றது.

நான் பி.எஸ்சி. வேதியியல். ரப்பர் எந்த எண்ணெயில் ஊறும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

ஒரு வாரம் கழித்து உங்கள் திதி. அம்மா முன் சீட்டில், யாழினி பின்னால் அவள் சீட்டில். மோகனூர் ரோட்டில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். மிதித்து மிதித்துப் போய், ஒரு வழியாக முந்தினேன். முந்திய பிறகு வண்டி வேகம் எடுக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது.

"என்னமோ தீயுற வாசம் வருது" என்றார் அம்மா.

"கரும்பு ஆலை வாசம்மா அது."

சொல்லி முடிக்கவில்லை, முன் சக்கரத்திலிருந்து புகை எழுந்து கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஓரம் கட்டி இறங்கி ஓடிப் பின் கதவைத் திறந்தேன். யாழினியின் பெல்ட்டுக் கொக்கி என் கைக்கு வரவில்லை. நானே மாட்டிய கொக்கி. ஆயிரம் தடவை கழற்றிப் பார்த்த கொக்கி. விரல் வழுக்கி வழுக்கிப் போனது. அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய எடு" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டு, ஒரே அழுத்தில் கழற்றிப் பிள்ளையைத் தூக்கினார்.

நாங்கள் முந்திவிட்டு வந்த அதே டிராக்டர் வந்து நின்றது. நான் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்துக்கு ஓடினேன். "தண்ணி ஊத்தீராதீங்க சாமி, டிரம்மு வெடிச்சுப் போகும்" என்று டிரைவர் மேலிருந்தே கத்தினார். "நாலு சக்கரமும் கவ்விப் புடிச்சிருக்குது. தானா ஆறட்டும். பாப்பாவ நெழலுக்குக் கொண்டு போங்க."

புளிய மரத்தடியில் அம்மா யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று சொன்னார்: "அவரு வண்டியில ஏத்த மாட்டேன்னே. சரி. இப்ப உன் வண்டியில ஏத்திப் பாத்துட்டே."

அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

மினி பஸ் பிடித்து ஆற்றங்கரைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. திதி கொடுக்க வந்த சித்தப்பா மகன் குமார் ஈர வேட்டியோடு காலையிலிருந்து காத்திருந்தான். ஐயர் எங்களுக்குப் பின்னால் வரிசையில் இருந்த ரெண்டு குடும்பங்களுக்கு முடித்துவிட்டு, எங்களுக்கு அவசரமாகச் செய்துவைத்தார். அந்த நாளில் போனவர்கள் பசியோடு வந்து நிற்பார்கள் என்கிறார்களே, நின்றீர்களா அப்பா? எட்டரை மணிக்கு இட்லி தட்டில் இல்லையென்றால் கை நடுங்கும் உங்களுக்கு. மதியம் வரை யாரைக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்?

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பரமத்தி ரோட்டில் செல்வம் என்ற மெக்கானிக்கிடம் விட்டோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. டப்பாவில் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, காருல போர் போடப் போறீங்களா? ரிக் ஆயில ஊத்தி வச்சிருக்கீங்க."

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்குக்குள்ளிருந்த ரப்பரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஊறின ஜவ்வரிசி கணக்கா ஊதிப்போச்சு பாருங்க. ஊதினா திரும்பாது. அதான் மிதிச்ச பிரேக்கு விடவே இல்லை."

"ரொம்பப் பழைய ரப்பருங்களா?" என்று கேட்டேன். கொஞ்சமாவது அது ரப்பரின் தப்பாக இருக்கட்டுமே என்ற ஆசை.

"பழசா? நாலு சக்கரத்துலயும் புது செட்டுங்க. இந்த லைனிங்கப் பாருங்க, கருகியிருக்குது, ஆனா தேயவே இல்லை. யாரோ பாத்துப் பாத்துப் போட்டுட்டு, ஓட்டாமயே நிறுத்தி வச்சிருக்காங்க."

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஆமா. உனக்கு வலி எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால. மூணு நாள் பட்டறையிலயே கெடந்தாரு உங்கப்பா. நாந்தான் சோறு கொண்டு போய்க் கொடுத்தேன்."

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஏம்மா யாரும் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

அப்பா, இந்த இருபது நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரேக் பிடிக்குமான்னே தெரியல என்று சொன்னேனே, அதைக் கேள்வியாகக் கேட்டிருந்தால்? "பிரேக் பார்த்தீங்களாப்பா?" என்று ஒரு வார்த்தை. நீங்கள் முகம் மலர்ந்து, பிள்ளையோடு எங்களை வெயிலில் நிற்க வைத்தே அரை மணி நேரம் விளக்கியிருப்பீர்கள். அம்மா திட்டியிருப்பார். நான் பயந்துகொண்டே ஏறியிருப்பேன். அல்லது, பெல்ட் இல்லையே என்று டாக்சியில்தான் போயிருப்பேன். அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் செய்தது எனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் பயத்தில் குற்றமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். பிள்ளைக்குப் பெல்ட் வேண்டும்தான். ஆனால் பயத்தை நான் கேள்வியாக்காமல் தீர்ப்பாக்கிவிட்டேன். எண்ணெய் விஷயத்திலும் அதே புத்திதான். அன்று உங்களைக் கேட்கவில்லை, இன்று யாரையும் கேட்கவில்லை. பேத்திக்காக நீங்கள் போட்ட ரப்பரை அவள் ஒரு நாள்கூட முழுதாக அனுபவிக்கும் முன் நானே ஊறவைத்துக் கெடுத்துவிட்டேன்.

செல்வம் எல்லாவற்றையும் கழுவிக் குழாய் முதல் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு சக்கரத்தின் வேலையை நானே செய்தேன், அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு இடத்தில் கேட்டேன். கேட்டால் சொல்கிறார்கள் அப்பா, அவ்வளவு சுலபம். இப்போது தினமும் தனியாக ஓட்டுகிறேன். இறங்கியதும் நாலு டிரம்மையும் தொட்டுப் பார்க்கிறேன். யாழினியை இன்னும் ஏற்றவில்லை. ஏற்ற நினைத்தாலே அந்தக் கொக்கியும் என் விரலும் கண்முன் வருகின்றன. அவளோ ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்து "தாத்தா, தாத்தா" என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

நேற்று அம்மா போன் செய்தார். "வர்ற அமாவாசைக்கு மோகனூர் போலாமா?" என்றார். பஸ்ஸிலா என்று கேட்டேன். "நீ ஓட்டு. நான் பின்னால பிள்ளைகூட உக்காந்துக்கறேன்" என்றார். கோபமெல்லாம் போய்விட்டதா, இல்லை என்னைச் சோதிக்கிறாரா என்று தெரியவில்லை. இந்த முறை ஊகிக்காமல் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார்.

வருகிறோம் அப்பா. காலையிலேயே வந்துவிடுவோம். ஆனால் அதற்கு முதல் நாள் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒருமுறை மோகனூர் வந்து திரும்புவேன். வழி பழகுவதற்கு என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊர் முன்னால் எழுதியாகிவிட்டது என்று அதை விட்டுவிட மாட்டேன். வாயால் சொல்வேன்.

என்றும் உங்கள் ஒரே மகள்,
யாழினியின் அம்மா,
சுகன்யா