எனக்கு வந்த இரங்கற்பாக்கள்

ஸஃபர் மாதம் 2, மெர்வ்

காலை முழுக்க மதகுச் சண்டை. முர்காப் ஆற்றுத் தண்ணீர் முதலில் யாருக்கு என்று இரண்டு ஊர்க்காரர்கள் என் முன்னாலேயே ஒருவர் தாடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மதியம் அஞ்சல் குதிரையில் ஹெராத்திலிருந்து ஓர் உறை. புலவர் சிராஜ் அனுப்பியது. பிரித்தால் இரங்கற்பா. யாருக்கு? எனக்கு! வஜீர் ஜைனுத்தீன் மறைந்தாராம். மூன்று நாள் காய்ச்சலில் அறிவின் விளக்கு அணைந்ததாம்.

வாய்விட்டுச் சிரித்தேன். எவனோ புரளி கிளப்பியிருக்கிறான். என் மனைவி தில்ஷாத் சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரியா? அதை அடுப்புல போடுங்க முதல்ல."

போடவில்லை. நானும் கவிஞன்தானே. நாலாம் அடி நொண்டுகிறது, திருத்தி சிராஜுக்கே அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

ஸஃபர் 6

பல்கிலிருந்து இன்னொன்று. இதுவும் எனக்கு. இதிலும் மூன்று நாள் காய்ச்சல். ஒரே புரளி இரண்டு ஊருக்கு ஒரே சொல்லில் எப்படிப் போய்ச் சேரும்?

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன். சூடு இல்லை.

ஸஃபர் 7

இன்று திவான் சபையில் ஒருவரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை.

ஸஃபர் 9

எங்கள் அரசர் கானின் வைத்தியர், ஹக்கீம், வீட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. உட்கார்ந்தார், நாடி பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கேன்?"

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கீங்க, வஜீரய்யா."

போகும்போது சமையல்காரனிடம் எனக்கு எந்தப் பழரசம் பிடிக்கும், யார் கலக்குவது என்று விசாரித்தாராம்.

ஸஃபர் 12

நிஷாப்பூரிலிருந்து மூன்றாவது. இதை எழுதியவர் நல்ல கவிஞர், யோக்கியர். பாட்டோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறார்: "அரண்மனை உத்தரவுப்படி எழுதினேன். நாற்பதாம் நாளுக்குள் சேரவேண்டுமே என்று உடனே அனுப்பிவிட்டேன். 'மரணம் அறிவிக்கப்படும்வரை இந்த உறையைப் பிரிக்கக்கூடாது' என்ற வரி அரண்மனைக் கடிதத்தின் உள்ளே, அடியில் இருந்ததைப் பிறகுதான் கண்டேன். குடும்பத்தார் மன்னிக்கவும்."

அந்த வரி எனக்குத் தெரியும். அது நான் உண்டாக்கிய வரி.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வஜீராக இருந்தவர் கமால். பெரிய மனிதர் இறந்தால் நாற்பதாம் நாள் அவர் வீட்டில் எல்லா ஊர்ப் புலவர் பாட்டும் ஓதப்பட வேண்டும், பாட்டு அவர் வீட்டு முகவரிக்கே வர வேண்டும். அது எங்கள் வழக்கம். தூரத்து ஊர்களுக்கு நாள் போதாது. ஆகவே கமால் சாவதற்கு ஒரு மாதம் முன்பே புலவர்களுக்குக் கடிதங்களை நான் அனுப்பினேன். அந்த வரியை உறையின் மேல் எழுதினேன். இப்போது எழுதிய முட்டாள் உள்ளே எழுதிவிட்டான்!

கமாலுக்கும் மூன்று நாள் காய்ச்சல்தான். ஹக்கீம் சர்பத் கொடுத்தார், நான் பக்கத்தில் நின்றேன். கானின் உத்தரவு, உத்தரவு என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு.

ஸஃபர் 13

தில்ஷாத்திடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, மூட்டை கட்டத் தொடங்கினாள். "சமர்கந்துல எங்க அண்ணன் இருக்கார். இன்னைக்கே கிளம்புவோம். எதுக்குங்க யோசிக்கிறீங்க?"

"மனூசெர்?" என்றேன்.

மூட்டை கட்டிய அவள் கை நின்றுவிட்டது. எங்கள் ஒரே மகன், பத்தொன்பது வயது, கானின் தூரத்துப் படை முகாமில் பிணையாக இருக்கிறான். நான் ஓடினால் துரோகி. துரோகியின் மகன்—. போன வருடம் கருவூலத் தலைவர் ஓடினார். அவர் மூன்று பிள்ளைகளையும் ஒரே காலையில் முடித்தார்கள். அவருக்கு யாரும் இரங்கற்பா எழுதவில்லை.

கமாலின் மகன்களோ இன்று சரக்ஸில் சுகமாக இருக்கிறார்கள். ஒருவன் அங்கே காஜி, நீதிபதி.

அப்படியானால் எனக்கு வந்த பாட்டுகளுக்கு அர்த்தம்? கான் என்னைக் கௌரவமாகச் சாகவிடுகிறார். சீ, இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா நான்?

ஸஃபர் 15

எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஸஃபர் 17

கான் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் உட்காரவைத்து முலாம்பழத்தைத் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். அவர் இவ்வளவு அன்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

"உடம்பு எப்படி, வஜீரே? களைச்சுத் தெரியிறீரே."

"வயசாச்சு, கானே."

"மகனைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்."

"நாளைக்கே அனுப்பச் சொல்றேன். ரெண்டு மாசம் வீட்டுல இருக்கட்டும். அப்புறம் முகாமுக்குத் திரும்பிப் போகவும் வேண்டாம்."

குனிந்து அவர் கையை முத்தமிட்டேன். அவர் கை அசையவே இல்லை. இரண்டு மாதம்: நாற்பதாம் நாளும் அதற்குள் அடங்கிவிடும்.

ஸஃபர் 20

மனூசெர் வந்துவிட்டான். என்னைவிட உயரம்! பழுப்புக் குதிரை, புது அங்கி, வீடு முழுக்க அவன் குரல். ஆட்டிறைச்சிச் சோற்றை மூன்று தட்டு சாப்பிட்டான். "முகாம்ல குதிரைப்பால் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சும்மா" என்றான். தில்ஷாத் அவன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள், என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல்.

இவன் உயிரோடு வீட்டுக்குள் நடமாடுகிறான். எனக்கு இது போதும் என்று எழுத ஆசை. போதவில்லை. இன்னும் பத்து வருடம் வேண்டும்.

ஸஃபர் 22

காலை உணவின்போது, உடம்பு கொஞ்சம் சுடுகிறது என்று சொன்னேன். மனூசெர் என் நெற்றியைத் தொட்டான். "சில்லுன்னுதானேப்பா இருக்கு?" தில்ஷாத் எழுந்து வந்து, அவன் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஆமா, சுடுது. ஹக்கீமுக்கு ஆள் அனுப்புறேன்" என்றாள்.