வானத்துக்குப் போய் வந்த சம்மதம்

என் அக்காளைக் கட்டி, கூடவே என்னையும் கட்டிக்கொண்டு அழுத மச்சானுக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேலாயுதம் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று எழுதப் போன கை அப்படியே நின்றுவிட்டது. போனவர்களிடம் எதைக் கேட்டுத் தொடங்குவது மச்சான்?

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். நாலாம் வகுப்பு வாத்தியாரே என்னைப் பார்த்து, இதற்கு மேல் உனக்குச் சொல்லித்தர என்னிடம் சரக்கில்லை என்று அனுப்பிவிட்டார். அப்படிப்பட்டவன் எழுத்து ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரப்போகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு அதில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மூலை எனக்குப் போதாது என்றுதான் ஆசிரியரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே என் பேர் பெரிய பேர். கடையில் நான் தே இழுக்க, அதாவது டீ ஆற்ற, ஆரம்பித்தால் தெருவே நின்று பார்க்கும். மேல் குவளைக்கும் கீழ் குவளைக்கும் நடுவில் ஒரு ஆள் குனியாமலே நடந்து போகலாம். மந்திரி ஒருவரின் டிரைவர் என் தே குடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அவர் குடித்து முடிக்கும்வரை மந்திரி பின்சீட்டில் பைல் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை பேரை வசப்படுத்திய எனக்கு இந்த ஊர் டெலிபோன் ஒன்று மட்டும் வசப்படவில்லை.

என் வீட்டில் போன் இருக்கிறது என்று உங்களுக்கு எழுதினேனே, அது கடைப் போன்தான். கடை முதலாளியுடையது. நான் இல்லாமல் அந்தக் கடை ஏது? ஆகவே அது என் போன்தான். ஆனால் அதில் இந்தியாவுக்குப் பேச முடியாதபடி முதலாளி பூட்டு போட்டு வைத்திருந்தார். அதனால்தான் உங்கள் மகள் செண்பகத்தின் சம்பந்தம் பேசிய அன்று நான் டெலிபோன் ஆபீசுக்குப் போனேன்.

நேரில் வரவே துடித்தேன் மச்சான். பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் ஆபீசிலேயே கிடந்தது. கடிதம் போதாது, தாய்மாமன் வாயால் கேட்ட பிறகுதான் தட்டு மாற்றுவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அது நியாயமும்கூட. பெண்ணுக்குத் தாய்மாமன் சம்மதம் இல்லாமல் நம் பக்கம் எந்தத் தட்டு மாறியிருக்கிறது?

பிற்பகலில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டார்கள். கடைசியில் கவுன்டரில் இருந்த பெண் கையை ஆட்டினாள்.

“அண்ணே, இந்தியா கால்! அந்த ஓரத்து பூத். சீக்கிரம் லா, லைன் போயிரும்.”

நான் போட்ட ஹலோவில் பூத் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து பூத்திலிருந்து ஒரு லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணே, பெலான் பெலான் லா, மெதுவா. நீங்க கத்துற கத்துக்கு டெலிபோனே தேவையில்ல. சன்னலைத் தொறந்தாப் போதும், இந்தியாவுக்குக் கேக்கும்.”

நம் ஊர் ரைஸ்மில்லில் போனுக்கு முன்னால் வெற்றிலை, வாழைப்பழம் எல்லாம் வைத்து, வெள்ளை வேட்டியில் ஊரே உட்கார்ந்திருந்ததாமே! மரியாதைப்படி முதலில் உங்கள் பெரியண்ணன் பேசினார். மழை உண்டா என்றார். அப்புறம் மில்காரர். அவரும் மழை உண்டா என்றார். அப்புறம் நீங்கள். “வேலாயுதம், சம்பந்தி பேசுறாரு, நல்லபடியாச் சொல்லுப்பா” என்றீர்கள். நான் காதால் கேட்ட உங்கள் கடைசி வார்த்தை அதுதான்.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். “பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்குறதுல மாமனுக்குப் பூரண சம்மதந்தானே?”

கேள்வி காதில் விழுந்து முடியவில்லை மச்சான், அதற்குள் சொன்னேன். “சம்மதம்! நூறு தடவ சம்மதம்!” ஆபீஸில் இருந்த சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். உங்கள் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. பிறகு “யோசிக்கிறீங்களா?” என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மேலும் ஏதோ பேசினார், நானும் பேசினேன். ரெண்டு பேச்சும் முட்டிக்கொண்டன. அதோடு லைன் அறுந்தது.

சம்பந்தம் முடிந்தது என்று கடையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தேன்.

அங்கே நடந்ததை நம் தெரு செல்லையா இங்கே பக்கத்தில் பண்டமாரானுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அன்று அவனும் மில்லில் இருந்திருக்கிறான்.

“சித்தப்பா, அவரு சம்மதமான்னு கேட்டதும் நீங்க கம்முனு இருந்தீங்க. யோசிக்கிறீங்களான்னு கேட்டாரு. அதுக்கும் கம்முனு இருந்தீங்க. வேற எடம் ஏதும் பாத்திருக்கீங்களான்னு கேட்டாரு. அதுக்குச் சிரிக்கிறீங்க!”

“டேய், நான் அதுக்கா சிரிச்சேன்?”

“எங்களுக்கு அப்படித்தானே கேட்டுச்சு. மாமனுக்கு மனசில்லாத வீட்டுல கை நனைக்க மாட்டோம்னு எந்திரிச்சுட்டாங்க. கொண்டாந்த தட்டக்கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

அடுத்த நாளே டெலிபோன் ஆபீசுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். “அண்ணே, உங்க சத்தம் மேல சேட்டிலைட்டுக்குப் போய் எறங்கணும். பேசிட்டுக் கொஞ்சம் வெயிட் பண்ணணும் லா. ரெண்டு பேரு ஒண்ணா பேசுனா ஒருத்தர் பேச்சு அறுந்துரும்” என்றாள். முன்னாலேயே சொல்லக் கூடாதா அம்மா என்றேன். “நீங்க கேக்கலையே அண்ணே” என்றாள். என் சம்மதம் ஆகாயத்தில் ஏறி, சந்திரனை ஒரு சுற்றுச் சுற்றி, நம் ஊருக்கு இறங்குவதற்குள் நம் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

உங்களிடம் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை மில்லுக்கு அடித்தேன்! வயலுக்குப் போயிருக்காரு என்றார் மில் கணக்கர். சந்தைக்குப் போயிருக்காரு என்றார். ஒரு நாள் அவர் அப்படிச் சொல்லும்போதே பின்னால் ஒரு இருமல் கேட்டது. உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா மச்சான்? அது மட்டும் ஒரு குறையும் இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி வந்து சேர்ந்தது.

கடிதங்களில் எல்லாம் விளக்கி எழுதினேன். சேட்டிலைட்டைப் படம்கூடப் போட்டு அனுப்பினேன். அக்காதான் பதில் போட்டது. மச்சான் சுகம், மாடு சுகம் என்று. நீங்கள் நம்பினீர்களா இல்லையா என்று அக்காவும் எழுதவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. முதலாளி மகள் காலேஜில் படிக்கிறாள், மேஜையில் கம்ப்யூட்டர் வைத்து அதைக் கடைப் போன் லைனோடு சேர்த்திருக்கிறாள். இன்டர்நெட்டாம். முதலில் கோழியை அமுக்கினாற்போல ஒரு கீச்சுச் சத்தம். அப்புறம் யார் அடித்தாலும் கடைக்கு லைன் கிடைக்காது. “இப்ப உலகத்தோட பேசுது அங்கிள்” என்பாள். உலகத்தோடு பேசிக்கொண்டே இருந்ததில் நம் ஊர் உள்ளே நுழைய வழியில்லாமல் போயிற்று.

நீங்கள் போன அன்று செண்பகம் டவுன் பூத்தில் நின்று விடிந்ததிலிருந்து அடித்திருக்கிறாள். அவளுக்கு லைன் கிடைத்தபோது இங்கே சாயங்காலம்.

“மாமா, அப்பா போயிட்டாங்க. எடுத்தாச்சு மாமா. உங்களுக்காக எவ்வளவு நேரம் பாக்குறது?”

அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி நான் போட வேண்டியது. யார் போட்டார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வராமல் நின்றது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான். மனதில் கிடந்த மற்றதைக் கேட்டேன். “அப்பா என்னப் பத்திக் கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?”

சத்தமில்லை. இப்போது விவரம் தெரிந்தவன் அல்லவா, குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். என் கேள்வி மேலே போகட்டும், இறங்கட்டும், அவள் பதில் ஏறி வரட்டும் என்று. அதற்கெல்லாம் ஆகும் நேரம் போய், அதற்கு மேலும் போயிற்று.

“சாப்பிட்டீங்களா மாமா?” என்றாள்.

அந்த மௌனம் லைனுடையதா, அவளுடையதா? அன்று ரைஸ்மில்லில் நீங்களும் இப்படித்தான் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களா?

செண்பகம் பால்வாடியில் வேலை பார்க்கிறாள். இனிமே கல்யாணம் எதுக்கு மாமா என்கிறாள். என் சம்மதம் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை. மந்திரி டிரைவர் வழியாக லீவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். முதலாளி, பாக்கலாம் பாக்கலாம் என்கிறார்.

உங்கள் வருஷத் திதிக்குள் வந்துவிடுவேன் மச்சான், இது சத்தியம். அதுவரைக்கும் அந்தக் கேள்வியைப் போனில் இன்னொரு முறை கேட்க மாட்டேன். அவள் முன்னால் உட்கார்ந்துதான் கேட்பேன். அப்போதும் அவள் பேசாமல் இருந்தால், அதுதான் நீங்கள் சொல்லிவிட்டுப் போனது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செண்பகத்தின் தாய்மாமன்
வேலாயுதம்