வலது சூடு, இடது குளிர்

என் அருமை மருமகள் வக்கீலம்மாவுக்கு,

மாமா எழுதுவது. மூன்று வயதில் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தது யார் என்று என்னை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தவள் நீ. இந்தப் பெயரும் அன்று வைத்ததுதான். இன்றைக்கு யாரும் கூப்பிடாமலே குற்றவாளி தானாகக் கூண்டில் ஏறுகிறான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் வாய் ஒன்றை ஒன்பதாக்கும். பேனாவுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

அம்மா நலம். தோளில் கொப்புளம் காய்ந்து தோல் உரிகிறது. மருந்து போட்டுவிடுவது நான்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் போடுகிறேன்.

உங்கள் வீட்டு ஷவர் உனக்குத் தெரியும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் கலந்து வரும். இடது பக்கம் சூடு, வலது பக்கம் குளிர். சிவப்பு, நீலப் புள்ளிகள் தேய்ந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. பதினொரு வருடமாக உன் அம்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பியவள். போன மாதம் நான் வந்து இறங்கியபோது அதில் வந்த தண்ணீரில் ஓர் எறும்பு குளித்தால்கூட சோப்பு போகாது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள் அக்கா. நான் உயிரோடு இருக்கும்போது இந்த வீட்டுக்குள் பிளம்பரா என்று கேட்டேன். அச்சகத்தில் இருபது வருடம் இயந்திரங்களை மேய்த்தவன் என்று சொல்லிக்கொண்டேன். மேய்த்தது ஒரே ஒரு இயந்திரம். அதுவும் பாதி நாள் படுத்தே கிடக்கும்.

ஷவரின் தலையைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டையெல்லாம் உப்பு. வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். கொஞ்சம் தேறியது. ஹோஸைக் கழற்றி ஊதினேன். அதில் அடைப்பு இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஹீட்டரை அணைத்து, மெயின் வால்வை மூடி, கைப்பிடியைப் பிரித்து, உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜை உருவினேன். இரண்டு தண்ணீரையும் அளவு பார்த்துக் கலக்கும் சின்ன உருளை அது. அதன் வாயில் ஒரு கடற்கரையே அடைத்துக்கொண்டிருந்தது. சரி, ஒரு சிட்டிகை மணல். கழுவி மாட்டித் திறந்தேன். அருவி. நிஜமாகவே அருவிதான், இதில் கூட்டல் இல்லை. அக்கா கதவோரம் நின்று, "பரவாயில்லையேடா, உருப்படியா ஒரு வேலை செஞ்சுட்டே" என்றாள். அறுபத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு விழுந்த முதல் நற்சான்றிதழ். இதைக் குறித்துக்கொள், வழக்கே இதில்தான் நிற்கிறது.

ஹீட்டர் அணைந்திருந்ததால் இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. உருளையை அரைச் சுற்று மாற்றி மாட்டியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் குளிப்பது எப்போதும் வாளித் தண்ணீரில்தான்.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல வலது கோடியில் வைத்துத் திறந்தாள். குளிரில் ஆரம்பித்து மெல்ல மெல்லச் சூட்டுக்கு வருவது அவள் பழக்கம். கொதிக்கக் கொதிக்கத் தோளில் இறங்கியது. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, நீ கழற்றினப்ப ஏதாவது மாறியிருக்குமா என்று ஒரு தடவை கேட்டாள். நான் சிரித்தேன். கைப்பிடி இருந்த இடத்திலேயேதானே இருக்கு, நீதான் பக்கம் மாத்தித் திருப்பியிருப்பே என்றேன். அவள் பிறகு கேட்கவே இல்லை.

அன்று மாலை நீ போன் செய்தாய். அம்மாவுக்கு இடது வலது குழம்பிவிட்டது என்றேன். வேறு ஏதாவது கவனித்தீர்களா மாமா என்று கேட்டாய். என் வாய்க்கு மேடை கிடைத்துவிட்டது. தினமும் பால் பொங்கி வழிகிறது என்றேன். வழிந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கும் நான்தான் கதை சொல்லி அவளை ஹாலில் நிறுத்தி வைத்திருந்தேன். வாரத்துக்கு நாலு தரம் சாவியைத் தொலைக்கிறாள் என்றேன். தொலைத்தது நான். நீ உடனே முதியோர் இல்லம் தேட ஆரம்பித்தாய். உன்மேல் தப்பில்லை. நான் சொன்னதைக் கேட்டால் யாருமே தேடுவார்கள்.

மூன்றாம் நாள், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அக்கா பிளம்பருக்குச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். வந்தவரிடம் என் அருவியைக் காட்டினேன், பெருமைக்குத்தான். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யார் சார் மாத்தி மாட்டினது? யாராவது வெந்துபோயிருப்பாங்களே" என்றார். போன தடவை வந்த பிளம்பர் என்றேன். அவரை வைத்தே நேராக மாட்டிக்கொண்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். தப்பு சத்தமில்லாமல் சரியாகிவிட்டது, இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் காலை அக்கா தலையெல்லாம் நனைந்து, நடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் மடித்த காகிதம், ஓரம் ஈரம். 'வலது சூடு, இடது குளிர். மறக்காதே' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. தொலைபேசி நிலையத்தில் அறுநூறு எண்களைக் காகிதம் இல்லாமல் தலையில் வைத்திருந்தவள். "பாடம் மாதிரி படிச்சுட்டுதான்டா போனேன். இன்னைக்கு மாறி வருது, தள்ளி நின்னு இடது பக்கம் திறந்தா கொதிக்குது, வலது கோடிக்குத் திருப்பிட்டு நின்னா ஐஸ் தண்ணி. குழாய் எங்கேயாவது தானா மாறுமா? எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்றாள். அழவில்லை. நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். டீ போடட்டுமா என்று கேட்டேன்.

அன்று மாலைதான் அவளே உன்னைக் கூப்பிட்டு, அந்த இல்லத்துக்கு வருகிறேன் என்று சொன்னது. அது சம்மதம் இல்லை வக்கீலம்மா, என் வேலை. பன்னிரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுப்புக்கு மேல் ஒரு காகிதம், கதவில் ஒரு காகிதம். புடவைகளைக் கட்டி வைத்துவிட்டாள். என்னிடம் நேரம் கேட்கிறாள். நான் சொன்ன பிறகும் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறாள்.

அந்த இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ வா, பத்து நாள் இரு, அவளைப் பார், என்னைத் திட்டு. அவளைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் வராதே.

இதை அவளிடம் நேரில் சொல்ல நாலு நாளாக முயற்சி செய்தேன். வாய் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. அதனால் இந்தக் கடிதத்தை மடித்து, உறையை ஒட்டாமல், அவள் கையில் கொடுக்கப்போகிறேன். முதலில் நீ படி, பிறகு முகவரி எழுது என்று சொல்லப்போகிறேன். உன் கதவு எண்ணிலிருந்து அஞ்சல் எண்வரை அவள் எதையும் பார்க்காமல் எழுதுவாள். நீ பிரித்த உறையை இப்போது திருப்பிப் பார். அவள் கையெழுத்தாக இருந்தால் அதுதான் என் சாட்சி. என் கையெழுத்தாக இருந்தால், மாமா மறுபடியும் பயந்துவிட்டான்; அன்றைக்கே புறப்பட்டு வந்து நீயே அவளிடம் சொல்.

நூறு வருடம் நன்றாக இரு. உன் வீட்டில் இடது பக்கம் எப்போதும் இடது பக்கமாகவே இருக்கட்டும். என்னைப் போல ஒருவன் உதவிக்கு வராமல் இருக்கட்டும்.

உன் அம்மாவின் தம்பி,
மாமா