வெங்காயக் கண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வ்லாக் போடும் பக்கத்து அறை யசீகரன், இங்கே மனுரேவா ஊர்க் கடையில் நான் தடுமாறி இங்கிலீஷ் கதைத்ததைக் களவாகப் படமெடுத்து ஊரைச் சிரிக்க வைத்தான் அல்லவா? புதுக் கேமரா வாங்கியதும் பழையதை எனக்கே விற்றான். உள்ளே இருந்த வீடியோக்களை அழிக்க மறந்துவிட்டான்.

தாயை நினைத்து அவன் அழுத வீடியோ பிரபலம். அதன் வெட்டாத காட்சியில், "கண்ணீர் வரேல்லை, வெங்காயத்தைக் கொண்டா" என்று நண்பனிடம் கத்துகிறான். அப்படியே யூடியூப்பில் போட்டேன்.

என் கதவடியில் வந்து உண்மையாகவே அழுதான். "என்ர அம்மா பாத்திட்டா. அழிச்சுவிடும், தங்கச்சி."

"இப்ப வெங்காயம் தேவைப்படேல்லையோ அண்ணா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன்.

மிளகாய்த்தூள் அனுப்புங்கள். நீங்கள் மிளகாய் வறுப்பதை யாராவது வீடியோ எடுக்கட்டும். உங்கள் குரலும் கேட்கவேண்டும். ஸ்டேஷனில் இருந்துதான் எழுதுகிறேன், ரயில் வரப்போகிறது.

மகள்
வித்தியா